குளித்த தண்ணீருக்கு இன்னொரு வேலை

மலேசியாவில் தாப்பா ஊரில் நெடுஞ்சாலையை விட்டு விலகிக் கேமரன் மலை ஏறத் தொடங்கினால் லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியும் வெகுதூரம் காடுதான். ரிங்லெட்டை நெருங்கும்போது காடு விலகி, மலைச்சரிவெங்கும் வெள்ளைக் கூரைகள் தெரிகின்றன. தேயிலைப் பச்சையை எதிர்பார்த்து வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது இந்தப் பிளாஸ்டிக் கொட்டகைகளே. சுற்றுலாப் பேருந்துகள் ரிங்லெட்டில் நிற்பதில்லை. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் ஏறிவிடுகின்றன. லெம்பா பெர்த்தாம் என்ற உழவர் ஊருக்குப் போகிறவர் இங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். ஸ்ட்ராபெரிப் பண்ணைகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் வரும் கூட்டத்தில் மிகச் சிலரே அப்படி இறங்குகிறார்கள்.

நான் இறங்கியது ஒரு கேள்வியோடு. வீட்டில் குளித்த, துவைத்த தண்ணீரைச் சுத்திகரித்து, மண்ணில்லாமல் காய்கறி வளர்க்க முடியும் என்று பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். மண்ணில்லா வேளாண்மை தெரிந்த உழவர்கள் இத்தனை பேர் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். குடும்பங்களும் அங்கேயே குடியிருக்கின்றன. அப்படியானால் இந்த ஊரில் அது ஏன் நடக்கக் கூடாது?

முதலில் ஆற்றைச் சொல்ல வேண்டும். சுங்கை பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் பக்கத்து மலைகளில் பிறந்து, பிரிஞ்சாங், தானா ராத்தா ஊர்களின் ஊடே இறங்கி, ஹாபு வழியாக ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கே 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை நிற்கிறது. தேங்கிய நீரின் பெரும்பகுதி சுரங்கக் குழாய் வழியாக மலையைத் துளைத்துக்கொண்டு பேராக் மாநிலப் பக்கம் போய், ஜோர் நிலத்தடி மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. கிழக்கே பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், மனிதன் போட்ட வழியில் மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அணைக்குக் கீழே இருப்பதுதான் லெம்பா பெர்த்தாம். பள்ளத்தாக்கைத் தாண்டி இன்னும் கீழே, உலு ஜெலாய் மின்திட்டத்துக்காக 2016 வாக்கில் முடிந்த சூசு அணை. இரண்டு அணைகளுக்கு நடுவே அகப்பட்ட ஆறு இது. வழக்கமான நாளில் மெலிந்து கிடக்கிறது; மேலே நீர்த்தேக்கம் நிரம்பித் திறந்துவிட்டால் கரை மீறி வருகிறது. 2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவைத் தாண்டிய நேரத்தில் அப்படித் திறந்துவிட்ட தண்ணீர் இந்த ஊருக்குள் சேறும் மரமுமாகப் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். ஊரார் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த இரவுக்கு வந்து சேராமல் பேச்சு முடிவதில்லை.

நீர்த்தேக்கம் அவ்வளவு விரைவில் நிரம்பக் காரணம் வண்டல். மேலே காட்டை வெட்டிச் சமன்படுத்திய சரிவுகளிலிருந்து மண் கரைந்து வந்து அணையின் வயிற்றை அடைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டிய கொள்ளளவு எதிர்பார்த்ததைவிட மிகச் சீக்கிரமே சுருங்கியது. மண்ணோடு கோழி எருவும் உரமும் பூச்சிமருந்தும் வருகின்றன. ஊர்களின் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து கசிவதும் வருகிறது. கேமரன் மலை ஆறுகளில் ஈ.கோலை கிருமி அளவுக்கு மீறி இருப்பதை ரீச் என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. மேல் ஊர்களின் வீட்டுச் சாக்கடை கீழ்ப் பள்ளத்தாக்கின் ஆறாகிறது. மேலே சுற்றுலா விடுதியில் ஒருவர் குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க விரும்பினால் பெர்த்தாம் கரைக்குத்தான் வர வேண்டும்.

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்ச வேண்டிய தேவை என்ன என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. கொட்டகைக்குள் போய் நின்றபோது விடை கிடைத்தது. பிளாஸ்டிக் கூரை போடுவதே மழை செடிமேல் விழாமல் தடுக்கத்தான். மழைத்துளி தெறித்தால் பூஞ்சை நோய் பரவும், பூ உதிரும், பழம் வெடிக்கும். ஆக, மழை கூரையில் விழுந்து ஓடிவிடுகிறது. செடிக்கு வேண்டிய தண்ணீரோ மேலே மலை ஓடையிலிருந்து கறுப்புக் குழாய் வழியாக வருகிறது. ஒரே ஓடையில் பல தோட்டங்களின் குழாய்கள் சொருகிக் கிடக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் மழை குறையும்போது யார் குழாய் மேலே, யார் குழாய் கீழே என்ற சச்சரவு தொடங்கிவிடும். ஏக்கர் கணக்கான கூரைகளில் விழுந்த மழையோ மண்ணில் இறங்க வழியில்லாமல் ஒரேயடியாகக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போய் வெள்ளத்தைக் கூட்டுகிறது.

நான் பார்த்த தோட்டம் ஒரு தமிழருடையது. ஐம்பதைத் தாண்டியவர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். 1929இல் ஜே.ஏ. ரசல் ஹாபு பக்கம் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலைத் தேயிலையின் பின்னால் நம்மவர்களின் கைகள் இருக்கின்றன. இன்று கொழுந்து பறிக்கப் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வருகிறார்கள். லயத்துப் பிள்ளைகள் பலர் கீழே நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மலையை விட மனமில்லாத சிலர் காய்கறிக்கு வந்தார்கள். இவர் சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவரிடம் வேலை பார்த்துத் தொழில் கற்று, பிறகு தனியாக நிலம் பிடித்தவர்.

கொட்டகைக்குள் இரு பக்கமும் தேங்காய் நார்த்தூள் அடைத்த பிளாஸ்டிக் பைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பையிலும் ஒரு தக்காளிச் செடி, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் ஏறியிருக்கிறது. செடியின் காலடியில் ஈர்க்குச்சி பருமனில் ஒரு சொட்டுக்குழாய் குத்தியிருக்கிறது. மண் என்பதே இல்லை. கொட்டகை மூலையில் ஏ, பி என்று எழுதிய இரண்டு நீலப் பீப்பாய்கள். ஏ பீப்பாயில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். பி பீப்பாயில் மற்ற உரங்கள். இரண்டையும் அடர்த்தியாக ஒன்றாகக் கலந்தால் கால்சியம் மற்றவற்றோடு சேர்ந்து சுண்ணாம்பு போல் படிந்து சொட்டுக்குழாயை அடைத்துவிடும் என்பதால் தனித்தனியே வைக்கிறார்கள். பெரிய தொட்டித் தண்ணீரில் இரண்டையும் அளவாக விட்டு, பேனா போன்ற ஒரு கருவியை முக்கி உப்பின் அளவைப் பார்க்கிறார். மலாய்க்காரர்கள் 'ஃபெர்டிகாசி' என்று சொல்லும் முறை இது. நீரும் உரமும் ஒரே குழாயில் வருகின்றன.

"சாப்பாடும் தண்ணியும் ஒண்ணாத்தான் போவுது தம்பி. தண்ணி சரியில்லன்னா மூணே நாள்ல இலை சொல்லிடும்," என்றார்.

பையின் அடியில் துளை. செடி குடித்தது போக மிஞ்சிய உரநீர் அதன் வழியே சொட்டி, நீண்ட வாய்க்காலில் ஓடி, கொட்டகைக்கு வெளியே லொங்காங் எனப்படும் சாக்கடைக் கால்வாயில் விழுந்தது. கொடுத்த தண்ணீரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இப்படி வெளியே விடுவதுதான் வழக்கம். பையில் உப்பு தேங்காமல் இருக்க அது வேண்டியிருக்கிறது. இந்த மிச்ச நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அதுவும் பெர்த்தாமுக்குத்தான் போகிறது. மண்ணில்லா வேளாண்மை தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று புத்தகங்கள் சொல்வது உண்மை. வடிந்த நீரைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தினால்தான் அந்த உண்மை முழுமையாகும்.

கொட்டகைக்குப் பின்னால் அவருடைய வீடு. குளியலறைத் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர், சமையலறைத் தண்ணீர் மூன்றும் ஒரே குழாயில் வந்து, சொட்டுநீர் விழுந்த அதே லொங்காங்கில் விழுகின்றன. சோப்பு நுரை ஓரத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் தள்ளி, அந்தக் கால்வாயின் கரையில் வாழையும் சேம்பும் தழைத்து நின்றன. லயத்துக் காலத்திலிருந்தே அப்படித்தானாம். அம்மா குளிக்கும் இடத்துத் தண்ணீரை மண்வெட்டியால் ஒரு கீறு கீறி வாழைக்குத் திருப்பிவிடுவார். தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் கொல்லைப்புறத்தில் நம் பாட்டிமார் செய்த வேலை கடல் கடந்து இங்கேயும் வந்திருக்கிறது. ஆனால் அன்று தண்ணீரில் கலந்தது சீயக்காயும் சாம்பலும். இன்று சலவைத் தூள், ஷாம்பு, தரை கழுவும் மருந்து.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மலேசியாவில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் செலவிடும் தண்ணீர் 200 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 1,000 லிட்டர். கழிப்பறை நீரை ஒதுக்கிவிட்டால், குளியலும் துவைப்பும் கைகழுவலுமாக அதில் பாதிக்கு மேல் வரும். 600 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நன்கு வளர்ந்த தக்காளிச் செடி நாளுக்கு 1 முதல் 2 லிட்டர் குடிக்கும். ஆக ஒரு வீட்டுக் குளியல் நீர் 300 செடிகளுக்காவது போதும். ஒரு முழுக் கொட்டகைக்கு அது போதாது. வறண்ட மாதத்தில் ஓடைக் குழாய் மெலியும்போது அதில் ஒரு பகுதியைக் காப்பாற்றும்.

அப்படியே பிடித்துச் சொட்டுக்குழாயில் விட்டால் என்ன? செடி கெடும், சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து. சலவைத் தூளில் சோடியம் அதிகம். மண்ணில் பாய்ச்சினால் மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். நார்த்தூள் பையில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். வேரை நீரிலேயே தொங்கவிடும் முறையில் நிலைமை இன்னும் மோசம். சுற்றிச் சுற்றி வரும் நீரில் செடி உரத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடுவதால் அது ஒவ்வொரு நாளும் ஏறும். சோப்பின் நுரைப்பொருள் மெல்லிய வேர்முடிகளைக் கருக்கும். சமையலறை எண்ணெய் சொட்டுக்குழாயை அடைக்கும். குழந்தையின் துணி துவைத்த நீரிலும் நோயாளி குளித்த நீரிலும் குடல் கிருமிகள் இருக்கும். சுத்திகரிக்காமல் ஒரு நாள் தொட்டியில் வைத்தாலே அழுகி நாறும்.

இவை அனைத்துக்கும் வழி கண்டிருக்கிறார்கள். சென்னையில் இந்துகாந்த் ரகடே குளித்த, துவைத்த நீரைக் கல்வாழை நட்ட படுகையில் விட்டு மண்ணின் நுண்ணுயிர்களைக் கொண்டே தூய்மையாக்கலாம் என்று அடுக்குமாடி வாசிகளுக்கு விடாமல் எடுத்துச் சொன்னார். திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிக் கரை முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2006இல் கட்டிய பொதுக் கழிப்பறையில் சிறுநீரைத் தனியே பிரித்தெடுத்து வாழைக்கு உரமாக்கிப் பார்த்தார்கள். கழிவைக் கழிவென்று ஒதுக்காத ஊர் அது. நான் தேடிவந்த காரியத்துக்கு மிக அருகில் வருவது பெர்லின் நகரில் நடந்தது. கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் பிளாக் 6 என்ற குடியிருப்பில் சுமார் 250 பேரின் குளியல், கைகழுவல், துவைப்பு, சமையலறை நீரைச் சேர்த்து, நுண்ணுயிர்ப் படலம் வளரும் தொட்டிகளில் காற்றூட்டிச் சுத்தம் செய்து, கடைசியில் புற ஊதா விளக்கொளியில் கிருமியைக் கொன்று, கழிப்பறைக்கு அனுப்பி வந்தார்கள். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய ரூஃப் வாட்டர் ஃபார்ம் திட்டத்தில் அந்த நீரைக் கண்ணாடிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் லெட்யூஸும் ஸ்ட்ராபெரியும் வளர்த்தார்கள், மீனும் வளர்த்தார்கள். விளைந்ததைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, உண்ணத் தகுந்தது என்று கண்டார்கள்.

இதை நான் சொன்னபோது தோட்டக்காரர் கேட்ட முதல் கேள்வி ஸ்ட்ராபெரியைப் பற்றி. மலையில் அதற்குத்தான் விலை. ஆனால் ஸ்ட்ராபெரி உப்பைச் சற்றும் தாங்காது. தக்காளி ஓரளவு தாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியும் தக்காளி பக்கமே சாய்கிறது. உயர வளரும் செடிக்குச் சொட்டுநீராக விட்டால், நீர் காயைத் தொடுவதே இல்லை என்பதால், கிருமி ஆபத்து பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் என்பது அதன் கணக்கு. தாழ வளரும் செடிக்கு நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. சமைத்துச் சாப்பிடுவது எல்லாவற்றையும் விடப் பெரிய பாதுகாப்பு. ஒரே தடுப்பை நம்பாமல், சுத்திகரிப்பு, சொட்டுநீர், கழுவுதல், சமையல் என்று அடுக்கடுக்காகத் தடுப்பு வைக்கச் சொல்கிறது அந்த வழிகாட்டி. பச்சையாகத் தின்னும் லெட்யூஸையும் ஸ்ட்ராபெரியையும் பெர்லினில் பல்கலைக்கழகக் கண்காணிப்போடு வளர்த்தார்கள். அன்றாடம் சோதனைக்கூடம் இல்லாத பள்ளத்தாக்கில் அவற்றில் தொடங்குவது தவறு என்பதே என் முடிவு. தக்காளி, குடைமிளகாய், பூச்செடிகள் ஆகியவற்றில் தொடங்கலாம். பூவை யாரும் சாப்பிடப் போவதில்லை. இங்கே செவ்வந்திக் கொட்டகைகள் எத்தனையோ இருக்கின்றன.

அவருடைய வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று பின்கட்டில் நின்று பேசினோம். கழிப்பறைக் குழாய் இப்போதே தனியாகத் தொட்டிக்குப் போகிறது. அதைத் தொடவே வேண்டாம். சமையலறை நீரை முதலில் சேர்க்க வேண்டாம். எண்ணெய் பிடிக்கும் தொட்டி கட்டிய பிறகு பார்க்கலாம். குளியல், துவைப்பு நீர் முதலில் கசடு படியும் தொட்டிக்கு. அங்கிருந்து சரளைக்கல் நிரப்பிய, அடியில் தார்ப்பாய் விரித்த நீண்ட படுகைக்கு. அதில் கல்வாழையோ கோரையோ. கேமரன் மலையில் சராசரி வெப்பம் 18 பாகை அளவில்தான் இருக்கிறது. குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்யும். சென்னைக்குப் போதுமான படுகை இங்கே போதாது, பெரிதாக வேண்டும். பிறகு மணல் வடிகட்டி, புற ஊதா விளக்கு, உரத் தொட்டி. குளியல் நீரில் தழைச்சத்து குறைவு என்பதால் ஏ, பி பீப்பாய்கள் இல்லாமல் முடியாது. ஓடைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் சோடியமும் கட்டுக்குள் இருக்கும். நார்த்தூள் பையில் வடியும் மிச்ச நீரையும் இதே சரளைப் படுகையில் திருப்பிவிட்டால் ஆற்றுக்குப் போகும் உரமும் குறையும். துணி துவைக்கத் தூளை விட்டுத் திரவச் சோப்புக்கு மாறுவது நல்லது என்றேன். அவர் மனைவி, "அத முன்னாடியே சொல்லிருந்தா மாறியிருப்போமே," என்றார். வீட்டு நீரின் தரத்தில் பாதி துவைக்கிறவர் கையில் இருக்கிறது. இதை எந்தத் திட்ட அறிக்கையும் போதிய அளவு சொல்வதில்லை.

தேயிலை மலைகளுக்கு மண்ணில்லா வேளாண்மை அந்நியமானதும் அல்ல. டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில் காளிம்பொங்கில் 1946 வாக்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர், வங்காளத்தின் ஏழை வீடுகளும் செய்யக்கூடிய எளிய முறையில், கருங்கல் சல்லியையும் மணலையும் கொண்டே மண்ணில்லாமல் காய்கறி வளர்த்துக் காட்டினார். விலையுயர்ந்த கருவி எதுவும் அவர் கேட்கவில்லை.

தோட்டக்காரரைத் தடுப்பது வேறொன்று. கேமரன் மலையில் ஏராளமான காய்கறி நிலம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தில் இருந்து வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. 2014 வெள்ளத்துக்குப் பிறகு ஓப்ஸ் காடிங் நடவடிக்கையில் சட்டத்துக்குப் புறம்பான தோட்டங்களை இடித்துத் தள்ளியதை அவர் கண்ணால் பார்த்தவர். "பிளாஸ்டிக் கூரைன்னா கழட்டிக்கிட்டுப் போயிடலாம் தம்பி. கல்லு போட்டுக் கட்டுன படுகைய எப்படித் தூக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவரிடம் ஆற்றைக் காப்பாற்றப் பணம் போடச் சொல்வது நியாயமாகாது. மேலே விடுதிகளும் உணவகங்களும் தங்கள் கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்காதவரை, கீழே இருக்கும் ஒரு சிறு உழவர் மட்டும் பொறுப்பை ஏற்பதும் சரியல்ல.

ஆகவே முதல் படுகை அரசு நிலத்திலோ தேயிலைத் தோட்டத்து லயங்களிலோ தொடங்க வேண்டும். லயத்தில் வீடுகள் ஒட்டியிருக்கின்றன, குழாய்கள் ஒரே பக்கம் வருகின்றன, நிலத்துக்கு உரிமையாளர் நிலையாக இருக்கிறார். தானா ராத்தாவில் மார்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீரையும் காயையும் சோதிக்க அதன் உதவியைக் கேட்கலாம். மலேசியாவின் கழிவுநீர் விதிகள் 2009இலிருந்து வெளியேற்றும் நீருக்கு அளவு வகுத்திருக்கின்றன. உயர்ந்த தரத்துக்கு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆற்றில் விடுவதற்கே விதி இருக்கும்போது, பயிருக்கு விடுவதற்கும் தெளிவான ஒரு விதி வேண்டும். அது இருந்தால் உழவரும் துணிவார், வாங்குகிறவரும் நம்புவார்.

கேமரன் மலை மாவட்ட மன்றத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் இதைப் படிக்கும் மலேசியத் தமிழர் யாராவது எடுத்துச் சொல்லுங்கள். ஒரு லயம், ஒரு சரளைப் படுகை, ஒரு தக்காளிக் கொட்டகை போதும். மாதாமாதம் நீரைச் சோதித்து முடிவை ஊர் மண்டபத்தில் ஒட்டுங்கள். முதல் ஆண்டில் கீரை வேண்டாம், ஸ்ட்ராபெரி வேண்டாம்.